எங்கள் மைதானத்துக்குச் செயற்கைப் புல் தேவையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறையிலிருந்து தமிழக எல்லைக்குப் போகும் வழியில் இருக்கிறது எங்கள் ஊர். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து அலுவலகத்தில் மலையாளம், மைதானத்தில் இரண்டும். மாவட்டக் கால்பந்து லீக்கின் கீழ்ப் பிரிவில் ஆடும் எங்கள் கிளப்பில் இருபது ஆண்டுகளாகச் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். ஊரில் இருக்கும் ஒரே பெரிய மண் மைதானத்தில் டர்ஃப் எனப்படும் செயற்கைப் புல் விரித்து, சுற்றிலும் வலை கட்டி, விளக்குக் கம்பம் நட்டு, மணிக்கணக்கில் வாடகைக்கு விடலாம் என்று இந்த ஆண்டு ஒரு யோசனை எழுந்தது. அன்றிலிருந்து டீக்கடையிலும் வாசகசாலையிலும் என்னை நிறுத்திக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செயற்கைப் புல்லுக்கு நான் எதிரி அல்ல. இருக்கும் ஒரே திறந்த மைதானத்தை அதனால் மூடுவதற்குத்தான் எதிரி.

டர்ஃப் என்றால் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில், கூரை போட்ட ஆஸ்ட்ரோடோம் அரங்கத்துக்குள் வெயில் போதாமல் புல் செத்துப்போனது. அதற்குப் பதிலாக 1966-இல் நைலான் விரிப்பைப் போட்டார்கள். முதல் தலைமுறைச் செயற்கைப் புல் அதுதான்: குட்டை இழை, கீழே கெட்டித் தளம். இங்கிலாந்தில் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் 1981-இல் அந்த வகையை விரித்தது. பிறகு லூட்டன், ஓல்டம், பிரஸ்டன் ஆகிய கிளப்புகளும் விரித்தன. பந்து தலைக்கு மேல் எம்பிக் குதித்தது. சறுக்கி விழுந்தவனின் தொடைத் தோல் உரிந்தது. கடைசியாகப் பிரஸ்டன் 1994-இல் அதை அகற்றியது. இங்கிலாந்து ரசிகர்களுக்குச் ‘பிளாஸ்டிக் மைதானம்’ என்றாலே முகம் சுளிப்பதற்கு அந்தக் காலத்து நினைவுதான் காரணம்.

இரண்டாம் தலைமுறையில் இழைகளுக்கு நடுவே மணல் நிரப்பினார்கள். இன்று நாம் டர்ஃப் என்று சொல்வது மூன்றாம் தலைமுறை. 40 முதல் 60 மில்லிமீட்டர் நீள இழை, அதன் அடியில் மணல், மேலே ரப்பர் துகள். அந்தத் துகள் பெரும்பாலும் பழைய டயரை அரைத்து எடுத்தது. நம் பக்கத்தில் அணிக்கு ஐந்து பேர் ஆடும் ஃபைவ்ஸ் மைதானங்களில் ஆடிவிட்டு வந்தால் ஷூவுக்குள்ளிருந்து கொட்டும் கறுப்புப் பொடி அதுவே.

இங்கிலாந்தில் கீழ்ப் பிரிவு கிளப்புகளுக்கு இதில் என்ன சண்டை?

இந்த விவாதத்தின் முழு வலியும் அங்கேதான் தெரிகிறது. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அங்கே மேல் நான்கு பிரிவுகளில் முழுச் செயற்கை மைதானத்துக்கு அனுமதி இல்லை. ஐந்தாம் பிரிவிலும் அதற்குக் கீழேயும் அனுமதி உண்டு. ஐந்தாம் பிரிவில் செயற்கைப் புல்லில் ஆடி வளர்ந்த ஒரு சிறிய கிளப், வென்று நான்காம் பிரிவுக்கு ஏறினால் முதல் வேலையாகத் தன் மைதானத்தைத் தானே பெயர்த்து எறிய வேண்டும். 2020-இல் ஹாரோகேட் டவுன் ஏறியபோது இதுதான் நடந்தது. புதுப் புல் தயாராகும்வரை சொந்த ஊர் ஆட்டங்களையே டான்காஸ்டரில் போய் ஆடினார்கள். 2021-இல் சட்டன் யுனைடெட், 2024-இல் புரோம்லி ஆகியவற்றுக்கும் அதே கதை. தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்து கிடைத்த வெற்றி. அதன் மறுநாளே புல்டோசர்.

தேவைப்படாத ஒன்றை யாரும் இவ்வளவு பாடுபட்டு வைத்திருக்க மாட்டார்கள். மெய்ட்ஸ்டோன் யுனைடெட்டைப் பாருங்கள். 1992-இல் பணமில்லாமல் லீக்கை விட்டே வெளியேறிய கிளப் அது. சொந்த ஊரில் மைதானம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் அலைந்து, 2012-இல் ஊருக்குத் திரும்பியபோது செயற்கைப் புல்லை விரித்தது. மழையில் ஆட்டம் ரத்தாவதில்லை. சனிக்கிழமை முதல் அணி ஆடும் அதே மைதானத்தில் மற்ற நாள்களில் சிறுவர், பெண்கள், ஊர்க்காரர் என்று அத்தனை பேரும் ஆடுகிறார்கள். அந்த வாடகை கிளப்பைத் தாங்குகிறது. ஈரமும் குளிரும் உள்ள நாட்டில் இயற்கைப் புல் வாரத்துக்குச் சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது; சேறாகிவிடும். செயற்கைப் புல் நாற்பது மணி நேரமும் தாங்கும். அவர்களுடைய வாதம் மொத்தமும் இந்த மணிக்கணக்கில் நிற்கிறது. அவர்கள் நாட்டுக்கு அது நேர்மையான வாதம் என்றே நான் நினைக்கிறேன்.

எதிர்ப்பவர்கள் சொல்வதும் பொய் அல்ல. தினமும் அதில் பழகும் அணிக்குச் சொந்த ஊரில் கூடுதல் சாதகம் இருக்கிறது, பந்தின் ஓட்டம் வேறாக இருக்கிறது, மூட்டுக்கு வலிக்கிறது என்கிறார்கள். ஸ்காட்லாந்தின் முதல் பிரிவு கிளப்புகள் 2024-இல் ஓட்டெடுத்து, 2026-27 பருவத்திலிருந்து செயற்கைப் புல் கூடாது என்று முடிவு செய்துவிட்டன. நெதர்லாந்தின் முதல் பிரிவும் அதே வழியில் போய்விட்டது.

அப்படியானால் அந்த மணிக்கணக்கு நமக்கும் பொருந்துமே?

பொருந்தாது. நான் மறுபடி மறுபடி சொல்வது இதைத்தான். அவர்களுக்கு எதிரி பனியும் சேறும். நமக்கு எதிரி வெயில்.

நார்வேயில் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இருக்கிறது போடோ என்னும் சிற்றூர். அந்த ஊர் அணி 2021-இல் செயற்கைப் புல்லில் ரோமாவை 6-1 என்று வென்றது. அங்கே குளிர்காலத்தில் புல்லே முளைக்காது. வேறு வழி கிடையாது. பாலக்காட்டுக் கணவாயில் என்ன நிலை? 2016 ஏப்ரலில் மலம்புழாவில் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டியது. இயற்கைப் புல் வேரால் தண்ணீர் இழுத்து இலையால் ஆவியாக விடுகிறது. அதாவது புல்லுக்கு வியர்க்கும். பிளாஸ்டிக்குக்கு வியர்க்காது. கடும் வெயிலில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 60, 70 டிகிரியைத் தொடும். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் அளந்து பார்த்தபோது அது தார்ச்சாலையைவிட அதிகமாகச் சுட்டது. தண்ணீர் தெளித்தால் சட்டென்று குளிர்ந்தது. இருபது நிமிடத்தில் ஏறக்குறைய பழைய சூட்டுக்கே திரும்பிவிட்டது.

கோடையில் காலை பத்து மணிக்குமேல், மாலை ஐந்து மணிக்குமுன் அதில் ஒரு குழந்தையை இறக்க நான் சம்மதிக்க மாட்டேன். பகல் பொழுது போய்விட்டால் மீதி இருப்பது அதிகாலையும் விளக்கு வெளிச்சமும். விளக்குக்கு மின் கட்டணம் உண்டு. நாற்பது மணி நேரம் என்று சொல்லி விற்கப்படும் பொருளில் நமக்குக் கிடைப்பது எத்தனை மணி நேரம் என்று இந்த ஊரில் யாரும் உட்கார்ந்து எழுதிப் பார்க்கவில்லை.

புல் வளர்க்கத் தண்ணீருக்கு எங்கே போவது?

எனக்கு எதிராக வைக்கப்படும் கேள்விகளில் மிக வலுவானது இதுதான். கேட்டவர் என் சித்தப்பா. எருத்தேம்பதியில் நிலக்கடலை போட்டு மூன்று போர்க்குழாய் வறண்டு போனதைப் பார்த்தவர். அவரிடம் மழுப்பிப் பேச முடியாது.

முழு அளவு மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். 7,140 சதுர மீட்டர். கோடையில் புல்லைப் பச்சையாகவே வைத்திருக்க வேண்டுமென்றால் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 35,700 லிட்டர், மூன்று டேங்கர் லாரி. இது மழை மறைவுப் பகுதி. பரம்பிக்குளம் - ஆழியாறு கால்வாயில் தண்ணீர் வருமா என்று இரண்டு மாநிலத்து விவசாயிகளும் வானத்தையும் செய்தித்தாளையும் பார்க்கும் ஊர். பக்கத்துப் பிளாச்சிமடையில் 2000-இல் தொடங்கிய குளிர்பான ஆலைக்கு எதிராக, கிணற்றுத் தண்ணீருக்காக ஆதிவாசிப் பெண்கள் பந்தலில் உட்கார்ந்து போராடினார்கள். 2004-இல் ஆலை நின்றது. அந்த மண்ணில் இருந்துகொண்டு விளையாட்டுக்காக நாளும் மூன்று லாரித் தண்ணீர் கேட்க எனக்கு வாய் வராது.

ஆனால் புல்லை ஆண்டு முழுவதும் பச்சையாக வைத்திருக்க வேண்டும் என்று யார் சொன்னது? பெரிய அரங்கங்களில் ‘பெர்முடா’ என்று பெயர் சொல்லிப் பதிக்கிறார்களே, அது நம் அறுகம்புல்லின் இனம். பிள்ளையாருக்குச் சாத்தும் அதே அறுகு. மணமக்களை ‘ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி’ என்று வாழ்த்துவது சும்மா இல்லை. மார்ச் மாதம் பழுப்பாகி, ஏப்ரலில் செத்ததுபோல் கிடந்து, ஜூன் மழையில் அறுகு திரும்பவும் எழும். வேர் மண்ணைப் பிடித்திருந்தால் போதும். பழுப்புப் புல்லில் கால்பந்து ஆடலாம்; நாங்கள் ஆடியிருக்கிறோம். தொலைக்காட்சிக்கு அழகாக இருக்காது, அவ்வளவுதான்.

செயற்கைப் புல்லுக்குத் தண்ணீரே வேண்டாம் என்பதும் முழு உண்மை அல்ல. சூட்டைத் தணிக்கத் தெளிக்க வேண்டும், தூசி கழுவ வேண்டும். புல்லுக்குத் தேவைப்படுவதைவிடக் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

காயம் அதிகம் ஆகுமா?

ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. ஐரோப்பியக் கால்பந்து வீரர்களை வைத்து 2006-இல் வெளியான ஓர் ஆய்வில் மொத்தக் காயங்கள் கூடவில்லை. ஆனால் கணுக்கால் சுளுக்கு கூடியிருந்தது. அமெரிக்கக் கால்பந்து லீக்கின் 2012 முதல் 2016 வரையிலான ஆட்டங்களை ஆராய்ந்தவர்கள், செயற்கைத் தளத்தில் கால் காயங்கள் கூடுதல் என்றார்கள். அது பந்தைக் கையில் பிடித்து ஓடும் வேறு விளையாட்டு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நான் கண்ணால் கண்டது தளத்தின் வயதைப் பற்றியது. என் அக்கா மகன் ஒரு வாடகை மைதானத்தில் சறுக்கி விழுந்து, இடுப்பிலிருந்து முட்டிவரை தோல் வழன்று வந்தான். இழைகள் படுத்துக் கிடந்தன. ரப்பர் துகள் பல இடங்களில் காணாமலே போயிருந்தது. அடியில் கிடந்த மணல் சிமெண்டுபோல் இறுகியிருந்தது. புதிதாக விரித்தபோது அது நல்ல தளமாகவே இருந்திருக்கும். வாரம்தோறும் இழையைச் சீவி நிமிர்த்தித் துகளைச் சமப்படுத்தாத தளம் முதல் தலைமுறை நைலானுக்கே திரும்பிவிடுகிறது. பராமரிப்பே வேண்டாத மைதானம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ரப்பர் துகளால் புற்றுநோய் வரும் என்கிறார்களே?

அமெரிக்காவில் ஒரு பயிற்சியாளர் புற்றுநோய் கண்ட வீரர்களின் பட்டியலைத் தொகுத்தபோது இந்த அச்சம் பரவியது. அவர்களில் பலர் கோல்கீப்பர்கள். வாஷிங்டன் மாநிலச் சுகாதாரத் துறை 2017-இல் அதை ஆராய்ந்து, வழக்கமாக எதிர்பார்க்கும் அளவைவிட அதிகம் இல்லை என்றது. ஆகவே இதைச் சொல்லி யாரையும் பயமுறுத்த மாட்டேன்.

எனக்குக் கவலை வேறு. ஒரு முழு மைதானத்தில் நூறு டன்னை ஒட்டி ரப்பர் துகள் கிடக்கும். அது மழையில் ஓடும், காற்றில் பறக்கும், ஷூவில் ஒட்டி வீட்டுக்கு வரும். நுண்பிளாஸ்டிக் என்ற காரணத்தால் ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய துகள் விற்பனைக்கு 2023-இல் தடை விதித்து, எட்டு ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறது. 2031-இல் அது முடிகிறது. கணவாய்க் காற்று ஆடியில் எப்படி அடிக்கும் என்று நமக்குத் தெரியும். மைதானத்தின் கீழ்ப்புறம் வயலும் வாய்க்காலும் இருக்கின்றன.

தக்கை, தென்னைநார் ஆகியவற்றைத் துகளாக நிரப்பும் முறையும் இருக்கிறது. தென்னைநார் ஈரத்தைப் பிடித்து வைத்துத் தளத்தைக் குளிர்விக்கும். பொள்ளாச்சி நமக்கு அடுத்த ஊர்; மூட்டை மூட்டையாக நார்த்தூள் அங்கிருந்து உலகத்துக்குப் போகிறது. டர்ஃப் போடத்தான் போகிறோம் என்றால் இதைக் கேட்காமல் டயர்ப் பொடியை வாங்குவது எனக்குப் பொறுக்காது.

செலவு ஒரே தடவைதானே?

இல்லை. முழு அளவுத் தளத்துக்குச் செலவு கோடிக் கணக்கில் வரும். எட்டு, பத்து ஆண்டில் விரிப்பை மாற்ற வேண்டும். முதல் தடவை எம்.எல்.ஏ. நிதி, திறப்பு விழா, கல்வெட்டு எல்லாம் வரும். இரண்டாம் தடவைக்கு யார் வருவார்கள்? பழைய விரிப்பைக் கழற்றி எங்கே போடுவது? பன்னாட்டுக் கால்பந்து சம்மேளனத்தின் தரச் சான்று வேண்டுமென்றால் அதற்கும் தனிச் செலவு. சாதாரணச் சான்று மூன்று ஆண்டு செல்லும், உயர்ந்த சான்று ஓராண்டுதான்.

நம் ஊருக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. கேரளத்தில் கரிசல் மண் இருப்பது இந்தச் சித்தூர் வட்டாரத்தில்தான். மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். சுவர் விரிசல் விடாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. அதன்மேல் விரிப்புப் போட வேண்டுமென்றால் ஆழமாகத் தோண்டி மண்ணை மாற்றிச் சல்லி நிரப்ப வேண்டும். அதைச் சுருக்கினால் இரண்டு மழைக்காலத்தில் மைதானம் அலை அலையாக எழும். எனக்குக் காட்டப்பட்ட மதிப்பீட்டில் இந்த மண்ணைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இந்தியாவில் நல்ல உதாரணமே இல்லையா?

உண்டு. மிசோரத்தின் ஐஸ்வால் அணி, செயற்கைப் புல்லைச் சொந்த மைதானமாக வைத்துக்கொண்டு 2016-17 ஐ-லீக்கை வென்றது. மழை கொட்டும் மலை, சமதளம் அரிது; அங்கே அது சரியான தேர்வு. ஸ்ரீநகரில் ரியல் காஷ்மீர் ஆடியதும் செயற்கைப் புல்லில்தான், அங்கே பனி. மறுபக்கம் கொல்கத்தா சால்ட் லேக் அரங்கம். மெஸ்ஸி 2011-இல் அர்ஜென்டினா அணித் தலைவராக வந்து ஆடியபோது அங்கே கிடந்தது செயற்கைப் புல். 2017-இல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்கு முன் அதைக் கழற்றிவிட்டு இயற்கைப் புல் பதித்தார்கள்.

லீக் ஆட்டத்துக்கு விதி அனுமதிக்கிறதா?

அனுமதிக்கிறது. தளம் முழுக்க இயற்கையாகவோ, போட்டி விதி ஒப்புக்கொண்டால் முழுக்கச் செயற்கையாகவோ இருக்கலாம். செயற்கை என்றால் பச்சை நிறம் கட்டாயம்.

செவன்ஸ் என்ன ஆகும்?

அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து இந்தப் பேச்சில் யாருக்கும் நினைவுக்கே வரவில்லை. அறுவடை முடிந்ததும் மூங்கிலும் கமுகும் கட்டிக் கேலரி எழுப்பி, பெரியம்மா, மாமன், மச்சான் எல்லாரும் கடலைப் பொட்டலத்தோடு வந்து உட்காரும் இரவுகள் அவை. சுற்றிலும் வலை கட்டிய இடத்தில் கேலரி கட்ட முடியாது. விரிப்பின்மேல் கம்பம் நடவும் முடியாது. எங்கள் கிளப்பின் ஆண்டுச் செலவில் பெரும்பகுதி செவன்ஸ் டிக்கெட்டில் வருகிறது. வாடகை வரவைக் கணக்குப் போட்டவர்கள் இந்த இழப்பையும் எழுத வேண்டும்.

வாடகைக்கு விட்டால் கிளப்புக்கு வருமானம்தானே, அதில் என்ன தவறு?

வருமானம் தவறு அல்ல. மணிக்கு ஆயிரம் ரூபாய் என்ற கணக்கில், வேலை முடிந்து வரும் இளைஞர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பங்கு போட்டு ஆடுவதைப் பார்க்க மகிழ்ச்சியாகவே இருக்கிறது. ஆனால் மாலை நான்கரை மணிக்கு எங்கள் மைதானத்துக்கு வந்து பாருங்கள். செங்கல் சூளையில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள், தோட்டத்துக்கு வந்த வெளிமாநிலத்தவரின் பிள்ளைகள், பாதிப் பேருக்குக் காலில் ஒன்றும் இல்லை. முப்பது பேர் ஒரே பந்துக்குப் பின்னால் ஓடுகிறார்கள். மாலை நேரம்தான் வாடகைக்கும் உச்ச நேரம். டர்ஃப் வந்த பக்கத்து ஊரில், வலைக்கு வெளியே விரலைக் கோத்து நின்று பார்க்கும் பிள்ளைகளை நானே பார்த்தேன். அவர்களில் இருவர் முன்பு அதே இடத்தில் ஆடியவர்கள்; பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு எனக்குத் தெரிந்தவர்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குப் பேச்சே வரவில்லை.

சரி, வேறு என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்?

பெரிய மைதானத்தைத் திறந்தே வைப்போம். நடுவை உயர்த்தி இருபக்கமும் சரிவு கொடுத்தால் தண்ணீர் தானே வடியும். நூற்றுக்கு ஒன்று சரிவு என்றால் நீளவாக்கில் நடுப்பகுதி விளிம்பைவிட 34 சென்டிமீட்டர் உயர்ந்தால் போதும். கரிசலின் மேல் செம்மண்ணும் மணலும் கலந்து பரப்பி, ஜூன் மழையில் அறுகு நடுவோம். முதல் மூன்று மாதம் யாரும் இறங்கக் கூடாது. பயிற்சிக்கு கோல் கம்பத்தை வாரம் ஒருமுறை நகர்த்தி வைத்தால் கோல் வாய் மட்டும் வழுக்கையாகாது. இதற்கு ஆகும் செலவு, டர்ஃப் மதிப்பீட்டில் வேலிக்கும் விளக்குக்கும் ஒதுக்கிய தொகைக்குள் அடங்கும் என்று கிளப் பொருளாளரும் நானும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம்.

வாடகைக்கு ஓர் இடம் வேண்டும் என்றால் பள்ளிக்குப் பின்னால் கிடக்கும் புறம்போக்கில் ஃபைவ்ஸ் அளவுக்குச் சிறிய டர்ஃப் போடட்டும். தென்னைநார் நிரப்பட்டும். மாலை நான்கு முதல் ஆறு வரை பிள்ளைகளுக்கு இலவசம் என்று ஒப்பந்தத்தில் எழுதட்டும். பத்தாம் ஆண்டு விரிப்பு மாற்றும் செலவுக்கு, முதல் மாத வாடகையிலிருந்தே தனிக் கணக்கில் பணம் சேரட்டும். இப்படிச் செய்தால் அடிக்கல் நாட்டும் நாளில் முதல் ஆளாக நான் வந்து நிற்பேன்.

இப்போதைக்கு வாடகை டர்ஃபில் ஆடப் போகும் பிள்ளைகளுக்கு ஏதாவது?

அடியில் நீண்ட ஸ்டட் (குமிழ்) வைத்த பூட்ஸ் வேண்டாம். கால் சிக்கி மூட்டு திரும்பும். குட்டையாக நிறைய ஸ்டட் உள்ளதைப் போடுங்கள். நீளமான காலுறை கட்டாயம். தோல் உரிந்தால் உடனே சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். அப்படியே விட்டால் சீழ் பிடிக்கும். ஆடும் முன் புறங்கையைத் தளத்தில் வைத்துப் பாருங்கள். பத்து விநாடி தாங்க முடியவில்லை என்றால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள், காசு கட்டியிருந்தாலும் சரி.